நகரின் நற்பெயரும் அதன் மீட்சியும்: சான் பிரான்சிஸ்கோ, 1906

ஒரு நகரின் செல்வம் அதன் மாளிகைகளில் மட்டும் தங்கியிருப்பதன்று. அந்நகரைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள நம்பிக்கையிலும் தங்கியுள்ளது. அந்நம்பிக்கையைக் காத்தற்கு ஒரு நகரம் கொடுத்த விலை யாது என்பதைச் சான் பிரான்சிஸ்கோவின் வரலாறு நன்கு விளக்கும்.

1906ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆந் திகதி, அதிகாலை 5 மணி 12 நிமிடமளவில் அந்நகரைப் பூமியதிர்ச்சி குலுக்கியது. நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்தமையால், மூண்ட தீயை அணைக்க வழியில்லாது போயிற்று. மூன்று நாட்களுள் ஏறத்தாழ 28,000 கட்டிடங்கள் அழிந்தன. சுமார் 4 இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

அழிவுக்குக் காரணமானது தீயா, அதிர்ச்சியா? இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. தீ எந்நகரையும் பற்றக்கூடியது. 1871இல் எரிந்த சிக்காகோ விரைவில் மீண்டெழுந்ததை முதலீட்டாளர் அறிந்திருந்தனர். அதிர்ச்சியோ அம்மண்ணுக்கே உரிய குறையாகக் கருதப்படும். ஆகவே நகரின் வர்த்தகப் பிரமுகர்கள் அதனைப் 'பெருந்தீ' என்றே வழங்கினர். காப்புறுதிப் பத்திரங்கள் பெரும்பாலும் தீயினால் விளைந்த நட்டத்துக்கே ஈடளித்தமையும் அவ்வழக்கிற்கு வலுவூட்டிற்று.

சீனர் குடியிருப்பின் கதையும் ஈண்டு நோக்கற்பாலது. இழிபெயர் சுமத்தப்பட்ட அப்பகுதியை நகரின் ஓரத்துக்கு அகற்ற அதிகாரிகள் முயன்றனர். சீன வர்த்தகரும் சீன அரசின் பிரதிநிதிகளும் அதனை எதிர்த்தனர். சீன வாணிகம் வேறு துறைமுகங்களை நாடிவிடும் என்ற அச்சமும் அவர்களுக்குத் துணையாயிற்று. பழைய இடத்திலேயே கீழைத்தேயச் சிற்பச் சாயலுடன் அக்குடியிருப்பு மீண்டும் எழுந்து, பயணிகளைக் கவரும் இடமாகிப் புதுப்பெயர் பெற்றது.

1915இல் நடைபெற்ற பனாமா-பசிபிக் சர்வதேசக் கண்காட்சி, நகரம் மீண்டதை உலகுக்குப் பறைசாற்றியது. ஆயினும் மறைத்ததன் விலை பின்னரே புலனாயிற்று. நெடுங்காலம் ஏறத்தாழ 500 எனப்பட்ட இறந்தோர் தொகை, பிற்கால ஆராய்ச்சியால் 3,000க்கு மேற்பட்டதெனக் கணிக்கப்பட்டது. அதிர்ச்சியை ஆராய்ந்த அறிஞர் குழுவுக்குக் கலிபோர்னியா அரசு பணம் வழங்காமையால், அதன் செலவைக் கார்னெகி நிறுவனமே ஏற்றது. பாடசாலைக் கட்டிடங்களை அதிர்ச்சி தாங்குமாறு அமைக்க வேண்டுமென்ற மாநிலச் சட்டம், 1933இல் லோங் பீச் நகர் குலுங்கிய பின்னரே பிறந்தது.

நற்பெயர் ஒரு நகரை விரைவில் எழுப்பவல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் உண்மையை மறைத்துக் காத்த பெயர், கட்டிடத்தை எழுப்புமேயன்றி அதன் அத்திவாரத்தை உறுதிப்படுத்தாது.