காரைக்குடி பழைய பொருட்கள்: வாங்கலாம்... ஃபிளைட்டில் கொண்டு போகலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம் எல்லாம் விற்பனைக்குக் கிடைக்கும். ஹாலில் வைக்க வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் கேட்கிறார்கள். பொருளின் வயதையும் கேட்கணும்.

1972-ம் ஆண்டு தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 வயதைத் தொட்ட சிற்பம், ஓவியம், கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருள் கணக்கில் வரும். மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டே போதும். இந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்காது. 1920-களில் செய்த சாமான்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அதைத் தாண்டுகின்றன.

வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனா பழங்காலச் சிலை, ஓவியம், மரச்சிற்பம் என்றால் பதிவு கட்டாயம். தொல்பொருள் விற்கும் கடைக்கு உரிமம் வேணும்.

சிக்கலே ஏர்போர்ட்டில்தான். பாட்டி வீட்டுப் பொருளே ஆனாலும், தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம். 100 வயது ஆகாத பொருள்தானா? பார்க்கப் பழசாக இருந்தாலே சுங்கத்துறை நிறுத்தலாம். 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் டிக்கெட் போடும் முன்பே வாங்கிடுங்க.