எரிபொருள் வடிகட்டி: கண்ணை விட்டு மறைந்த ஒரு பாகத்தின் வரலாறு

எரிபொருள் வடிகட்டி என்பது வாகனத்தின் டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடையில் நின்று துரு, தூசி, பிசின், ஓரளவு நீர் ஆகியவற்றைத் தடுத்து வைக்கும் சிறு பாகமாகும். பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் ‘ஃபியூயல் ஃபில்டர்’ என்றே இதைக் கேட்டு வாங்குவர். எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் தவறாமல் மாற்றும் கார் உரிமையாளர்கள் பலர் இதை மறந்துவிடுகின்றனர். பத்து ஆண்டுக்கு மேலாக மாற்றப்படாத வடிகட்டி பழைய கார்களில் அரிதன்று. இதற்கு உரிமையாளரின் சோம்பலை மட்டும் குறை சொல்ல இயலாது. நூறாண்டுக் கால அளவில் இந்தப் பாகம் ஓட்டுநரின் கண்முன்னிருந்து காரின் அடிப்பகுதிக்கும், அங்கிருந்து டேங்கின் உட்புறத்துக்கும் நகர்ந்துவிட்டது.

தொடக்கக் காலம்

எரிபொருள் அடைப்பின் வரலாறு காரின் வரலாற்றளவு பழமையானது. கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கு 1886-இல் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவை அவ்வகை வண்டியொன்றில் கடந்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் அதைக் குத்திச் சுத்தம் செய்தார் என்பது அப்பயணத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் துணிக்கறை போக்க விற்ற லிக்ராயின் என்னும் பெட்ரோலிய வடிநீர்தான் அவருக்கு எரிபொருளாயிற்று. அத்தகைய திரவம் எவ்வளவு தூய்மையாக இருந்திருக்கும் என்பதைக் கேட்கவே வேண்டியதில்லை.

பென்ஸின் முதல் கார்புரேட்டர், பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைக் காற்றுடன் சேர்த்து எஞ்சினுக்கு அனுப்பியது. 1893-இல் வில்ஹெல்ம் மைபாக் உருவாக்கிய தெளிப்பு வகைக் கார்புரேட்டர் நிலைமையை மாற்றியது. அதில் பெட்ரோல் ‘ஜெட்’ எனப்படும் நுண்துளை வழியே பீய்ச்சப்பட்டது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளையை அடைக்க ஒரு துருத்துகள் போதும். வடிகட்டியின் தேவை உண்மையில் இந்தத் துளையுடன்தான் தொடங்குகிறது.

அக்காலத்தில் பெட்ரோல் தகர டின்களில் விற்கப்பட்டது. துருவும் ஈயப்பற்றின் துணுக்குகளும் நீரும் அதில் கலந்திருக்கும். ஆகவே முதல் வடிகட்டல், நிரப்பும்போதே நடந்தது. புனலின் வாயில் கம்பி வலையும் பதனிட்ட மெல்லிய ஷாமி தோலும் வைத்துப் பெட்ரோல் ஊற்றினர். பெட்ரோலில் நனைந்த ஷாமி தோல் பெட்ரோலை விடும், நீரைத் தடுக்கும்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் தயாரான ஃபோர்டின் மாடல் டி காரில் டேங்க் முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையால் கீழே ஓடிவரும். டேங்கின் அடியில் ஒரு சிறு படிவுக் குமிழ் வைத்திருந்தனர். நீரும் மண்ணும் அதில் தங்கும். அடியிலுள்ள திருகைத் திறந்தால் வெளியேறும். பெட்ரோல் குறைவாக இருக்கையில் செங்குத்தான மேடுகளை இந்தக் கார் பின்னோக்கியே ஏற வேண்டியிருந்தது. இல்லையேல் டேங்கைவிடக் கார்புரேட்டர் உயரத்துக்குப் போய்விடும்.

கண்ணாடிக் கிண்ணம்

டேங்க் காரின் பின்புறம் நகர்ந்தபின் பெட்ரோலை இழுத்து வர ஒரு கருவி தேவைப்பட்டது. சில காலம் வெற்றிடத் தொட்டிகள் அவ்வேலையைச் செய்தன. 1920களின் இறுதியில் எஞ்சினின் கேம் தண்டால் இயங்கும் டயாஃப்ரம் பம்ப் பரவலாயிற்று. அத்தகைய பம்புகள் பலவற்றில் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் அதனுள் கம்பி வலையும் இருந்தன. கிண்ணத்தை ஒரு கம்பி வளையமும் கைத்திருகும் பிடித்திருக்கும். நடுவில் தக்கையாலான வாஷர்.

இதைவிட நேர்மையான வடிகட்டி பிறகு வரவில்லை எனலாம். பானெட்டைத் திறந்ததும் கிண்ணத்தின் அடியில் நீர் தனிப் படலமாகவும் துரு செம்மண்ணாகவும் தெரியும். கழற்ற ஸ்பேனர்கூடத் தேவையில்லை. துடைத்து, வலையை ஊதி, திரும்பப் பூட்டினால் வேலை முடிந்தது. குறைகளும் இருந்தன. வலையின் கண்கள் பெரியவை, நுண்தூசி தப்பிவிடும். தக்கை வாஷர் காய்ந்தால் பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.

பின்னர் பிசினில் தோய்த்த மடிப்புத் தாள் வடிகட்டிகள் வந்தன. குறைந்த இடத்தில் நிறையப் பரப்பு கிடைக்கத் தாளை விசிறிபோல மடித்தனர். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இந்தத் தாளை வைத்து, ரப்பர் குழாயின் நடுவில் பொருத்தும் ‘இன்லைன்’ வகை கார்புரேட்டர் கார்களில் நிலைபெற்றது. இதைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அழுத்தம் கூடியபோது

1967-இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் மின்னணு எரிபொருள் செலுத்துமுறை ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்தது. 1973-இல் கே-ஜெட்ரானிக் தொடர்ந்தது. கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.35 பார் அழுத்தம் போதும். டி-ஜெட்ரானிக்குக்கு ஏறத்தாழ 2 பார், கே-ஜெட்ரானிக்குக்கு ஏறத்தாழ 5 பார் தேவை. பிளாஸ்டிக் கூடு இதைத் தாங்காது. ஆகவே வடிகட்டி மூடிய உலோகக் குடுவையாயிற்று. மெர்சிடிஸ்-பென்ஸின் 1980களின் பெட்ரோல் கார்கள் பலவற்றில் பம்பும் வடிகட்டியும் காரின் அடியில், பின் அச்சருகே ஒரே மூடிக்குப் பின்னால் உட்கார்ந்தன. உள்ளே என்ன தேங்கியிருக்கிறது என்பது இனித் தெரியாது, பாகமே தெரியாது.

இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 நெடுங்காலம் கார்புரேட்டருடன் ஓடியது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது மாருதியும் பிற நிறுவனங்களும் இன்ஜெக்டருக்கு மாறின. அதன்பின் பல மாடல்களில் வடிகட்டி டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்துவிட்டது. ‘ஆயுள் முழுமைக்கும்’ எனச் சொல்லப்படுவது இவ்வகை. எவருடைய ஆயுள் என்பது 15 ஆண்டு கழித்து அக்காரை வாங்கியவருக்குத்தான் விளங்கும்.

டீசல் வண்டிகளின் கதை சற்று வேறு. 1927-இல் பாஷ் தொடர் உற்பத்தி தொடங்கிய உயர் அழுத்தப் பம்பு மிக நெருக்கமான இடைவெளிகளைக் கொண்டது; அழுக்கு டீசல் அதை விரைவில் தேய்த்துவிடும். ஆகவே டீசல் வண்டிகளில் வடிகட்டி மாற்றுவது ஓட்டுநர்களின் வழக்கமாகவே ஊறிவிட்டது. கையால் அழுத்தும் பம்பால் டீசலை ஏற்றிக் காற்றை வெளியேற்றும் காட்சி லாரிப் பட்டறைகளில் அன்றாடம். புறக்கணிப்பு பெரும்பாலும் பெட்ரோல் கார்களின் நோய்.

அடைபட்ட வடிகட்டியின் அடையாளங்கள்

அடைப்பு ஒரே நாளில் நேர்வதில்லை. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம். கார்புரேட்டர் காரில் மிதவை அறையில் சிறிதளவு பெட்ரோல் எப்போதும் இருப்பு இருக்கும். ஊருக்குள் அதுவே போதுமாதலால் கார் ஒழுங்காக ஓடும். நெடுஞ்சாலையிலோ மலைப்பாதையிலோ சிறிது நேரம் முழு ஆக்ஸிலரேட்டரில் சென்றதும் இருப்பு தீர்ந்து எஞ்சின் திணறி நிற்கும். ஐந்து நிமிடம் ஓரமாக நிறுத்தினால் அறை மெல்ல நிரம்பி, ஒன்றுமே நடக்காததுபோல் கார் மறுபடி கிளம்பும். இந்த ஏமாற்று நடத்தையால் காயில், கண்டென்சர், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாறிய பின்னரே பலர் வடிகட்டிக்கு வருகின்றனர்.

இன்ஜெக்டர் காரில் விளைவு கடுமையானது. திரும்புக் குழாய் உள்ள அமைப்புகளில், எஞ்சின் எரிப்பதைவிடப் பல மடங்கு பெட்ரோலைப் பம்ப் ஓயாமல் சுற்ற விடுகிறது. அத்தனையும் வடிகட்டியைக் கடக்கிறது. மின்பம்பைக் குளிர்விப்பதும் அதன் வழியே ஓடும் பெட்ரோல்தான். வடிகட்டி அடைத்தால் பம்ப் கூடுதல் மின்சாரம் இழுத்து, சூடேறி, கீச்சிட்டு, இறுதியில் எரிந்துபோகும். வடிகட்டியின் விலையைப் போலப் பல மடங்கு பம்புக்குச் செலவாகும்.

பழைய காரில் மாற்றும்போது

புதிய காரில் அரை மணி நேர வேலை இது. பழைய காரில் அப்படியன்று. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இன்ஜெக்டர் கார் எனில் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு, குழாயிலுள்ள அழுத்தத்தை முதலில் இறக்குவர். பிறகு பேட்டரியின் எதிர்முனை கழற்றப்படும். திறந்தவெளியில், சிகரெட்டும் எரியும் விளக்கும் இல்லாத இடத்தில், தீயணைப்பான் அருகில் இருக்கையில் செய்ய வேண்டிய வேலை.

துருவேறிய இணைப்பு நட்டைச் சாதாரண ஸ்பேனர் வழுக்கிச் சிதைக்கும். உலோகக் குழாயே முறுகிக்கொள்ளும். வடிகட்டியை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, மற்றொன்றால் நட்டைத் திருப்புவதே முறை. இருபது ஆண்டு வெப்பத்தில் இறுகிய ரப்பர் குழாயை அசைத்ததும் அது வெடிக்கும் என எதிர்பார்க்கலாம். குழாய், கிளாம்ப், செப்பு வாஷர் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வது இதனால்தான். புதிய வடிகட்டியின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்க வேண்டும். இன்ஜெக்டர் காரில் கார்புரேட்டருக்கான பிளாஸ்டிக் வடிகட்டியைப் பொருத்துவது தீயை விலைக்கு வாங்குவதாகும். வேலை முடிந்தபின் பம்பைச் சில முறை இயக்கி, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு பார்த்த பின்னரே எஞ்சினைக் கிளப்புவர்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இவ்விஷயத்தில் ஒரு புது அவசரத்தைக் கொண்டுவந்துள்ளது. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கொண்ட பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. எத்தனால் நல்ல கரைப்பான், நீரையும் ஈர்க்கும். பழைய டேங்கின் சுவரில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த பிசின் படலத்தை அது இளக்கிவிட, அத்தனையும் வடிகட்டியில் வந்து சேரும். அக்கலவைக்கென வடிவமைக்கப்படாத ரப்பர் உப்பி உதிர்வதும் உண்டு. அதனால் நெடுநாள் கவனிக்கப்படாத காரில் முதலில் போடும் புதிய வடிகட்டி சில மாதங்களிலேயே நிரம்பிவிடக்கூடும்.

கழற்றிய பழைய வடிகட்டியை உடனே எறியாமல், டேங்கின் பக்கத்து வாய் வழியே வெள்ளைத் துணியில் கவிழ்ப்பது தேர்ந்த மெக்கானிக்குகளின் பழக்கம். செந்நிறப் பொடி விழுந்தால் டேங்க் துருப்பிடித்துள்ளது. கருந்துணுக்குகள் வந்தால் குழாயின் உட்சுவர் உரிகிறது. பழுப்பாகப் பிசுபிசுத்து, புளித்த வார்னிஷ் நாற்றம் வீசினால் பெட்ரோல் நெடுங்காலம் தேங்கிக் கெட்டுள்ளது. முதல் வகையில் டேங்கை இறக்கிக் கழுவாமல் வடிகட்டியை மட்டும் மாற்றினால், அடுத்த வடிகட்டியையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.