சுவரின் இருபுறமும் வாழ்ந்த சகோதரிகள்: ஸொஹ்ரா செகலின் மேடை

ஸொஹ்ரா செகல் என்றதும் ஹிந்திப் படங்களில் குறும்பு பேசும் ஒரு முதிய பாட்டியே பலரது நினைவுக்கு வருவார். அந்தப் பாட்டிக்குப் பின்னால் துணைக்கண்ட நாடக வரலாற்றின் கனதியான அத்தியாயமொன்று மறைந்து கிடக்கிறது.

1912 ஏப்ரல் 27ஆம் திகதி சஹாரன்பூரில், ரோஹில்லா பட்டாணியர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஸொஹ்ரா பேகம் மும்தாஸுல்லா கான். லாஹூர் குயின் மேரிஸ் கல்லூரியில் பர்தாவோடு கற்றவர், 1930களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் மேரி விக்மனின் பள்ளியில் நவீன நடனம் பயின்றார். 1935இல் உதய் சங்கரின் நடனக் குழுவில் சேர்ந்து பல நாடுகளைச் சுற்றினார். 1942இல் காமேஷ்வர் செகலை மணந்தார்.

1945இல் பம்பாயில் பிருத்விராஜ் கபூரின் பிருத்வி தியேட்டரில் இணைந்தார். அங்கே அவரது தங்கை உஸ்ரா ஏலவே கதாநாயகி. அக்குழுவின் நாடகங்களுள் ஒன்று 'தீவார்', அதாவது 'சுவர்'. ஒற்றுமையாய் வாழும் இரு சகோதரர்களின் வீட்டுக்குள் அந்நியர் புகுந்து பகைமூட்ட, வீட்டின் நடுவே சுவர் எழுகிறது. இறுதியில் அது இடிக்கப்படுகிறது. பிரிவினை நிகழ இரண்டாண்டுகள் இருக்கையிலேயே மேடையேறிய நாடகம் இது. நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வாசலில் துணியேந்தி நின்று, பாதிக்கப்பட்டோருக்காக நிதி சேர்ப்பார். இக்குழுவோடு ஸொஹ்ரா 14 ஆண்டுகள் ஊர் ஊராய்ப் பயணித்தார்.

மேடையில் இடிந்த சுவர் மண்ணில் இடியவில்லை. 1959இல் கணவரை இழந்த ஸொஹ்ரா, 1962இல் நாடகப் புலமைப்பரிசிலொன்றுடன் லண்டன் சென்றார். உஸ்ரா 1964இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார்.

பிரித்தானியத் தொலைக்காட்சி ஸொஹ்ராவை எளிதில் ஏற்கவில்லை. 1965இல் சிலுவைப் போரைக் கதைக்களமாகக் கொண்டு ஒளிபரப்பான 'டொக்டர் ஹூ' தொடர்க்கதையில் சுல்தான் ஸலாஹுத்தீனாக வேடமிட்டவர் ஒரு வெள்ளைக்கார நடிகர். ஸொஹ்ராவுக்குக் கிடைத்ததோ ஒரு சிறு பாத்திரம். 1984இல் கிரனடா தொலைக்காட்சியின் 'த ஜுவல் இன் த கிரவுன்' தொடரில் லேடி சட்டர்ஜியாகத் தோன்றியபோது அவருக்கு வயது 71. சனல் 4இன் 'தந்தூரி நைட்ஸ்' அதன்பின் வந்தது.

லாஹூரின் அஜோகா நாடகக் குழு, ஸியாவுல் ஹக்கின் இராணுவ ஆட்சிக்காலத்தில் எதிர்ப்புக் குரலாய்ப் பிறந்தது. உஸ்ரா அதில் நடித்துவந்தார். இரு சகோதரிகளின் வாழ்வையே கருவாகக் கொண்டு ஷாஹித் நதீம் எழுதிய 'ஏக் தீ நானி'யை 1993இல் மதீஹா கௌஹர் லாஹூரில் நெறிப்படுத்தினார். பிருத்வி தியேட்டர் மூடப்பட்டு முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்த நிலையில், அக்காவும் தங்கையும் ஒரே மேடையில் நின்றனர். எல்லைக்கு இருபுறமும் சிதறிய எண்ணற்ற முஸ்லிம் குடும்பங்களின் கதையைத் தம் சொந்த உடல்களால் அவர்கள் சொன்னார்கள்.

2010 மே மாதம் உஸ்ரா லாஹூரில் காலமானார். அதே ஆண்டு ஸொஹ்ராவுக்கு இந்தியாவின் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 2014 ஜூலை 10ஆம் திகதி, 102ஆம் வயதில் அவர் டில்லியில் மறைந்தார்.

திரைப்படங்கள் தந்த புகழைவிட, ஒரு சுவரை இடிக்கும் நாடகத்தில் தொடங்கி, அச்சுவரைத் தாண்டிச் சென்று தங்கையோடு நடித்ததே அவரது கலைவாழ்வின் பெறுபேறு. அரசியல் பிரித்ததை ஓரிரவேனும் ஒரு மேடை சேர்த்துவைக்கும் என்பதற்கு அவ்விருவரும் சாட்சி.