யாவோ மக்கள் நடுவில் திருச்சபை

நியாசா ஏரியின் கிழக்கிலும் தெற்கிலும், மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் பரவி வாழும் யாவோ மக்களுள் பெரும்பாலோர் இன்று இஸ்லாமியர். ஆயினும், ஆங்கிலிக்க மிஷனெரிகள் அவர்களை முதன்முதல் எதிர்கொண்ட 1861ஆம் ஆண்டில் அவர்களுள் இஸ்லாத்தைத் தழுவியிருந்தோர் மிகச் சிலரே. திருச்சபை அவர்கள் நடுவில் பாடுபட்ட அதே அரை நூற்றாண்டில்தான் அம்மக்கள் திரளாகப் பள்ளிவாசலை நாடினர். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை மிஷன் வரலாறு பயிலும் நாம் ஆராய்ந்தறிதல் நலம்.

1857இல் டேவிட் லிவிங்ஸ்டன் கேம்பிரிட்ஜில் விடுத்த அறைகூவலின் பயனாகப் பல்கலைக்கழகங்களின் மத்திய ஆப்பிரிக்க மிஷன் தோன்றியது. அதன் முதற் பேராயரான சார்லஸ் மெக்கென்சி 1861 ஜனவரி முதல் நாளன்று கேப்டவுனில் அருட்பொழிவு பெற்றார். அவ்வாண்டு ஜூலையில் ஷிரே மேட்டுநிலத்தில், நுகத்தடி பூட்டி இழுத்துச் செல்லப்பட்ட அடிமைக் கூட்டமொன்றை லிவிங்ஸ்டனின் குழுவினர் விடுவித்தனர். விடுதலை பெற்றோர் மெக்கென்சியின் பராமரிப்பில் மகொமேரோ என்னும் ஊரில் குடியமர்த்தப்பட்டனர். இச்செயலைக் குறைகூற எவரால் இயலும்?

ஆனால் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. அந்நாளில் யாவோ மக்களுக்கும் மங்கஞ்சா மக்களுக்கும் இடையே போர் மூண்டிருந்தது. மங்கஞ்சா தலைவர்கள் உதவி வேண்ட, பேராயரும் அவர்தம் தோழரும் துப்பாக்கி ஏந்தி யாவோக் குடியிருப்புகளைத் தாக்கினர், குடிசைகள் தீக்கிரையாயின. அடிமைகளை விற்பதில் மங்கஞ்சா தலைவர்களுக்கும் பங்கிருந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. சமாதானத்தின் தூதுவராக வந்தவர் இரு குலங்களின் பூசலில் ஒரு தரப்பினராகிவிட்டார். இங்கிலாந்துத் திருச்சபையிலும் இதற்குக் கண்டனம் எழுந்தது. 1862 ஜனவரி 31இல் மெக்கென்சி காய்ச்சலால் மரித்தார். 1864இல் மிஷன் சான்சிபாருக்கு இடம் பெயர்ந்தது.

அங்கிருந்து உள்நாட்டை நோக்கி மீண்டும் முயற்சி எழுந்தது. யாவோ மொழியைப் பயின்ற எட்வர்ட் ஸ்டீயர், பேராயரான பின் 1875இல் மத்தாக்கா என்னும் யாவோ தலைவரின் தலைநகரான முவெம்பே வரை நடந்தே சென்றார். 1880இல் வில்லியம் பெர்சிவல் ஜான்சன் படைக்கலமின்றி அவ்வூரில் தங்கிப் பணியாற்றினார். ஆயினும், அடிமை வணிகத்துக்கு எதிராகக் கடற்கரையில் பிரிட்டிஷார் எடுத்த நடவடிக்கையின் பழி அவர்மேல் விழ, அடுத்த ஆண்டே அவர் வெளியேற நேர்ந்தது. தமக்கு முன் வந்தவர்கள் ஏந்திய துப்பாக்கியின் நிழல் வெறுங்கையுடன் வந்தவர்மேலும் படிந்திருந்தது என்பதே நம் கருத்து.

1891 முதல் ஹாரி ஜான்ஸ்டன் தலைமையிலான பிரிட்டிஷ் ஆட்சி, இந்தியாவிலிருந்து வரவழைத்த சீக்கிய வீரர்களின் துணையோடு மக்கஞ்சிலா முதலிய யாவோ தலைவர்களை ஒருவர்பின் ஒருவராக அடக்கியது. இத்தோல்விக்குப் பின்னரே இஸ்லாம் யாவோ கிராமங்களில் விரைந்து பரவிற்று. கில்வா முதலிய துறைமுகங்களோடு அவர்களுக்கிருந்த நெடுநாள் வணிக உறவு அதற்கு வழி வகுத்தது. மார்க்கம் போதித்த ஆசிரியர்களுள் பலர் அம்மக்களுள் ஒருவராகவே வாழ்ந்தனர். இளையோரைப் பருவமேற்றும் தொன்மையான சடங்கை மிஷன்கள் ஐயத்தோடு நோக்கின. இஸ்லாமோ அதைத் தன்வயப்படுத்திக்கொண்டது. வென்றவர்களின் மதத்தை ஏற்க மறுப்பது, தோற்ற மக்களுக்கு எஞ்சியிருந்த தன்மானமாயிற்று. பள்ளிக்கூடம் என்றால் ஞானஸ்நானம் என்று அஞ்சிப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை மிஷன் பள்ளிகளுக்கு அனுப்பவில்லை. இதனால் அம்மக்கள் கல்வியில் நெடுங்காலம் பின்தங்கினர்.

இவ்விருளிலும் ஒளிக்கீற்றுகள் உண்டு. யாவோ குலத்தவரான யோஹன்னா அப்தல்லா, உனங்கு மலைப்பகுதியில் ஆங்கிலிக்கக் குருவாகத் தொண்டாற்றினார். தம் மக்களின் தோற்றம், தலைவர்கள், பயணங்கள், வழக்கங்கள் ஆகியவற்றை அவர்கள் மொழியிலேயே எழுதினார். அந்நூல் 1919இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சோம்பாவில் அச்சாயிற்று. கிறிஸ்தவனாவதற்குத் தன் குலத்தை வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பிற்காலத்தில் மசாசியின் பேராயரான வின்சென்ட் லூக்காஸ், பருவச் சடங்கைத் தள்ளாமல் ஜெபத்தோடும் திருச்சபை ஒழுங்கோடும் இணைத்து நடத்தினார். ஆயின் அதற்குள் பெரும்பாலான யாவோ கிராமங்கள் தம் மார்க்கத்தைத் தெரிந்துகொண்டுவிட்டன.

அடிமைகளின் விலங்கை முறித்தது தவறென்று நாம் சொல்லத் துணியோம். ஒடுக்கப்பட்டோர் கண்முன் நிற்கையில் வாளாவிருப்பதும் பாவமே. ஆயினும், அடைக்கலம் அளிப்பது வேறு, படையெடுப்பது வேறு. மெக்கென்சி அவ்வெல்லையைக் கடந்தது அன்பினாலேயே. எனினும் குடிசை இழந்தவன் தீயைத்தான் கண்டான், அன்பைக் காணவில்லை. பேதுருவின் வாளை உறையிலிடச் சொன்ன ஆண்டவர், வெட்டுண்ட செவியையும் தொட்டுக் குணமாக்கினார். வாளை உறையிலிட்ட திருச்சபை, அச்செவியை இன்னும் தொட வேண்டியிருக்கிறது. இஸ்லாமிய அயலாரிடம் செல்லும் ஊழியர் தம் நற்செய்தியை மட்டுமன்று, தமக்கு முன் சென்றோரைப் பற்றிய நினைவையும் சுமந்தே செல்கின்றனர். அந்நினைவு இன்னதென்று முதலில் கேட்டறிவது ஊழியத்துக்கு முந்திய ஆயத்தமன்று. அதுவே ஊழியத்தின் தொடக்கம்.