இலவச ஒலிபரப்பின் விலை

இணையவழி வரும் திரைக்காட்சிகள் இந்நாளில் இருவகையாக இல்லம் புகுகின்றன. ஒன்று, மாதச் சந்தா செலுத்திக் காண்பது. 2016ஆம் ஆண்டு சனவரியில் இலங்கைக்கும் வந்த நெட்பிளிக்ஸ் அவ்வாறு வந்ததாகும். மற்றொன்று, பார்ப்போரிடம் பணம் பெறாது விளம்பர வருவாயால் நடப்பது. அமெரிக்காவில் 2014இல் தோன்றிய டூபி இதற்குச் சான்று. இவற்றுள் எது நன்று என வினவுவோர் பலர். இவ்விரு முறைகளையும் நம் நாடு வானொலி வாயிலாக முன்னரே கண்டுளது.

கொழும்பில் 1925 டிசெம்பரில் ஒலிபரப்பு முறைப்படி தொடங்கிற்று. பிற்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அநுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்தி வந்தனர். இதனை ஒருவகைச் சந்தா எனலாம். 1950 செப்டெம்பர் 30ஆம் நாள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியதும் விளம்பர முறை புகுந்தது. அவுஸ்திரேலியரான கிளிபோர்ட் டொட் அதனை நெறிப்படுத்தினார். போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி இலங்கையிடம் வந்திருந்தமையால், கொழும்பின் குரல் பாரதமெங்கும் எட்டிற்று.

1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலைக் கட்டுப்படுத்தினார். பாடலை நாடிய நேயர்கள் கொழும்பை நாடினர். அவர்களை நாடிய இந்திய வணிகரின் பணமும் உடன் வந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ஒரு பற்பசையின் பெயரால் எழுந்த பினாக்கா கீத்மாலா இதன் புகழ்பெற்ற விளைவு. தமிழ் வர்த்தக சேவையும் தமிழகத்திற் பெருவிருப்போடு கேட்கப்பட்டது. நாமும் அப்பாடல்களில் திளைத்தோம். ஆயின், அவை பிறர் சந்தைக்கெனத் தெரியப்பட்டவை. நம்மூர்ப் பேச்சைக் கேட்க விரும்பியவர், வானொலி நிலையத்து நாடகத் தயாரிப்பாளராயிருந்த சானாவின் 'லண்டன் கந்தையா' போன்ற நாடகங்களுக்காகக் காத்திருந்தனர்.

1967 நவம்பர் 1ஆம் நாள் விவித பாரதி விளம்பரம் ஏற்கத் தொடங்கிற்று. இந்திய வணிகர்க்குத் தம் நாட்டிலேயே வழி திறந்தது. கொழும்பின் தனிவாய்ப்பு மறைந்தது.

இதனால் விளம்பரமே தீதென்று முடிவுகட்டுதல் தவறாகும். பிற்காலத்தில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' என்னும் தொடர்நாடகம் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் துயரை அதன் சொந்தப் பேச்சிலேயே நாடறியச் செய்தது. அதனை வழங்கியது மக்கள் வங்கியின் விளம்பரப் பணமே. பணம் கொடுத்தவர் தேடிய வாடிக்கையாளர் நம்மவராயிருந்தனர். ஆதலின் நம்மவர் குரலுக்கு அங்கே இடங்கிடைத்தது.

எனவே சந்தாவா, விளம்பரமா என்பது இரண்டாவது வினா. இப்பணம் எவர் செவியைக் கருதித் தரப்படுகின்றது என்பதே முதல் வினா. சிறுதொகையினரான ஒரு மக்கள் அதனை வினவாது, இலவசமென்று வருவதையெல்லாம் ஏற்றிருப்பாராயின், அவர் இழப்பது காசன்று. தம் பேச்சைத் தாமே கேட்கும் வாய்ப்பாகும். இன்று கைப்பேசித் திரையின் முன் அமரும் நம் மாணாக்கர்க்கு இவ்வரலாற்றை எடுத்துரைத்தல் ஆசிரியராகிய நம் கடன்.