அழுத்தமும் ஓட்டமும்: மல்டிமீட்டர் காட்டும் எண்ணின் பொருள்

தமிழர் பேச்சில் நிலைபெற்றுவிட்ட பிறமொழிச் சொற்களுள் ‘கரண்ட்’ ஒன்று. விளக்கு எரிந்தால் ‘கரண்ட் வந்துவிட்டது’ என்கிறோம். கம்பியைத் தொட்டு அதிர்ந்தால் ‘கரண்ட் அடித்தது’ என்கிறோம். மாதக் கட்டணமும் ‘கரண்ட் பில்’தான். மின்சாரம், மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகிய மூன்றையும் இந்த ஒரு சொல்லே சுமக்கிறது. வீட்டில் இதனால் இடையூறு இல்லை, பணிமனையில் உண்டு.

சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸ் கனரக வாகனங்களின் களம். 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தின் வழியே லாரிகள் மலேசியாவுக்குச் சென்று வருகின்றன. 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா மின்வாகனங்கள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. இங்கு ஒரு லாரியின் பிரேக் விளக்கு எரியவில்லை எனக் கொள்வோம். பல்பைக் கழற்றி, பிரேக்கை அழுத்தியபடி அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 24 வோல்ட் காட்டுகிறது. ‘கரண்ட் வருகிறது, பல்புதான் பழுது’ என்று புதியதைப் பொருத்தினால் அதுவும் எரிவதில்லை. கருவி பொய் சொல்கிறதா?

விடை காண, அளவைகளின் வரலாற்றை நோக்கவேண்டும். 1800இல் இத்தாலிய அறிஞர் வோல்டா தம் மின்கல அடுக்கை அறிவித்தார். 1827இல் ஜெர்மானியரான ஓம், மின்னோட்டம் அழுத்தத்திற்கு நேர் விகிதத்திலும் தடைக்கு எதிர் விகிதத்திலும் அமைவதை நூலாக வெளியிட்டார். 1881இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் என்னும் அலகுகளை ஏற்றது. இம்மூன்றையும் அளக்கும் ‘ஏவோ’ கருவி 1923இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அஞ்சல்துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடி உருவாக்கிய அக்கருவியின் பெயர், அம்மூன்று அலகுகளின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது. 1977இல் வந்த ஃபுளூக் 8020ஏ போன்ற கையடக்கக் கருவிகள் முள்ளுக்கு மாற்றாக எண்களைக் காட்டின.

இம்மாற்றத்தில்தான் நம் வினாவுக்கு விடை உள்ளது. முள் கருவி, தான் அளக்கும் சுற்றிலிருந்து சிறிது மின்னோட்டத்தை இழுத்தே இயங்கியது. இன்றைய எண்முறைக் கருவியின் உட்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அது இழுப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. துருவேறிய இணைப்பொன்றில் 100 ஓம் தடை இருந்தாலும் கருவி முழு 24 வோல்ட்டையே காட்டும். 21 வாட் பல்போ ஓர் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டத்தை வேண்டுவது. அதைப் பொருத்தியவுடன் துருவிலேயே பெரும்பகுதி இழக்கப்பட, பல்புக்கு ஓரிரு வோல்ட்டே எஞ்சும். அடைபட்ட குழாயில் திருகு மூடியிருக்கும்வரை நீரழுத்தம் குறைவதில்லை, திறந்தால் சொட்டுகிறது. அதுபோன்றதே இது.

ஆகவே பல்பைப் பொருத்தி, பிரேக்கை அழுத்தியபடியே அளக்கவேண்டும். மின்கலத்தின் நேர்முனைக்கும் பல்பின் நேர்முனைக்கும் இடையே கருவியை வைத்தால், வழியில் ஏற்படும் இழப்பே எண்ணாகத் தெரியும். நல்ல இணைப்பில் அது ஒரு வோல்ட்டின் சிறு பகுதியே. நாம் எடுத்துக்கொண்ட லாரியில் 20 வோல்ட்டுக்கும் மேல். எதிர்முனைப் பக்கத்தையும் இவ்வாறே சோதிக்கலாம்.

கருவி பொய் சொல்லவில்லை. அழுத்தம் உண்டா என்று கேட்டோம், உண்டு என்றது. ஓட்டம் உண்டு என்று நாமே பொருள் கொண்டோம். ‘கரண்ட்’ என்னும் ஒரே சொல் அவ்வேறுபாட்டை மறைத்தது. தமிழிலோ இரண்டுக்கும் தனிச்சொற்கள் உள்ளன. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். பின்வந்தோரும் தொடர்ந்த அத்தகைய பணியின் பயனாகவே இன்று நம் பாடநூல்கள் தமிழில் மின்னியல் பேசுகின்றன. ‘அழுத்தம் இருக்கிறது, ஓட்டம் இல்லை’ என்று சொல்லத் தெரிந்தவர், பழுதை எங்கே தேடுவது என்பதையும் அறிந்தவராவார்.

மின்வாகனங்களின் காலத்தில் இது உயிர்காக்கும் அறிவுமாகும். அவற்றின் மின்கலத் தொகுதிகள் பல நூறு வோல்ட் அழுத்தம் கொண்டவை. கருவி சுழியம் காட்டினால் மின்சாரம் இல்லை எனக் கொள்ளலாகாது. கருவியின் கம்பி அறுந்திருந்தாலும் சுழியமே காட்டும். மின்சாரம் உள்ளதென உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முன்னும் பின்னும் கருவியைச் சோதித்த பின்னரே அதை நம்பவேண்டும். சிங்கப்பூரில் பணியிடப் பாதுகாப்புப் பயிற்சிகள் தமிழிலும் நடைபெறுகின்றன. அங்குக் கற்பிப்போர் இவ்விரு சொற்களையும் தேர்வுக்குரியனவாக மட்டும் கருதாது, கருவியைக் கையில் கொடுத்தே விளக்குவாராக.