கேட்டுப் பெற்ற இரத்தத்துளி

தேசியக் குடும்ப நல ஆய்வின் மூன்றாம் சுற்றுத் தரவைப் பயன்படுத்தத் தொடங்கும் ஆய்வு மாணவர்கள் ஒரு குறையை அடிக்கடி சொல்வதுண்டு. மாநிலக் குறியீடு இருக்கிறது, நகரம் கிராமம் என்ற பகுப்பு இருக்கிறது, மாவட்டக் குறியீட்டை மட்டும் காணவில்லை என்பார்கள். கவனக்குறைவால் நேர்ந்த விடுபடலாக இதைக் கருத வேண்டாம். 2005-06இல் நடந்த அச்சுற்றில்தான் இந்தியக் குடும்பங்களிடமிருந்து முதன்முறையாக நாடு தழுவிய அளவில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் பெறப்பட்டது. கொடுத்தவர் யார் என்பதைப் பின்னாளில் எவரும் கண்டறிந்துவிடக் கூடாது என்பதற்காகவே மாவட்ட அடையாளம் நீக்கப்பட்டது. நோயாளிகளை எண்ணும் முறை இந்தியாவில் எவ்வாறு மாறியது என்ற வரலாறு அந்த வெற்றிடத்தின் பின்னே இருக்கிறது. எண்ணப்படுவோரிடம் அனுமதி கேட்கும் வழக்கம் எவ்வாறு வந்தது என்ற வரலாறும் அதனோடு பிணைந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவை முதலில் சோதிக்கப்பட்டன. நாட்டின் எய்ட்ஸ் தடுப்புப் பணி முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே தொடங்கியது. ஆயினும் அப்பெண்களுள் பலர் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். எதற்கான சோதனை என்பது அவர்களுக்கு விளக்கப்படவில்லை. அக்கால மருத்துவ ஆய்வுகளில் இது விதிவிலக்காகக் கருதப்படவும் இல்லை.

சோதனை முடிவோடு பெயரும் சேர்ந்து வெளிப்பட்டால் என்ன நேரும் என்பதை 1989இல் கோவா காட்டியது. இரத்ததானம் செய்துவந்த டொமினிக் டிசோசாவுக்குத் தொற்று இருப்பது தெரியவந்தபோது, மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அவர் 64 நாள்கள் தனிமையில் அடைத்துவைக்கப்பட்டார். இந்நிகழ்வுக்குப் பிறகு, எச்.ஐ.வி.யை எண்ண விரும்பிய எவரும் இரகசியக் காப்பு என்ற கேள்வியைத் தவிர்த்துச் செல்ல இயலவில்லை.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. 1998 முதல் ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்பட்ட மையங்களில் தொற்றுக் கண்காணிப்பு முறையாக நடைபெற்றது. அவ்வாண்டில் 176 ஆக இருந்த மையங்கள் 2006இல் 1,122 ஆகப் பெருகின. கருவுற்ற பெண்கள், பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருவோர், பாலியல் தொழிலாளர்கள், ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோர் எனப் பல பிரிவினரிடமிருந்து மாதிரிகள் பெறப்பட்டன. கருவுற்ற பெண்களைப் பொறுத்தவரை, சிபிலிஸ் பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தின் ஒரு பகுதியே பெயர் நீக்கப்பட்டு எச்.ஐ.வி.க்குச் சோதிக்கப்பட்டது. தனித்த ஒப்புதல் கேட்கப்படவில்லை. பெயரே இல்லாத இடத்தில் தீங்குக்கும் இடமில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

இம்முறை போக்குகளைக் காட்ட வல்லது. ஓர் ஊரில் தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு அறியலாம். ஆனால் மருத்துவமனைக்கு வந்தோரின் விகிதத்தைக் கொண்டு, வராதோரையும் உள்ளடக்கிய மக்கள்தொகையின் எண்ணிக்கையைக் கணிக்க முற்பட்டபோதுதான் சிக்கல் எழுந்தது. அவ்வகைக் கணிப்பின்படி 2005இல் இந்தியாவில் 52 இலட்சம் பேர் தொற்றுடன் வாழ்ந்தனர். 2006இல் வெளிவந்த ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் அறிக்கை 57 இலட்சம் என்றது. உலகிலேயே அதிகத் தொற்றாளர்களைக் கொண்ட நாடு, தென்னாப்பிரிக்காவையும் விஞ்சிய நாடு என்ற பெயர் இந்தியாவுக்கு வந்தது.

இக்கணிப்பை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் நடந்தது. லலித் தண்டோனாவும் குழுவினரும் 2004-05இல் அங்குள்ள ஊர்களிலும் நகர்ப்பகுதிகளிலும் மாதிரி முறையில் மக்களைத் தேர்ந்து, 12,000க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தனர். மாவட்டத்தில் தொற்றுடன் வாழ்வோர் ஏறத்தாழ 45,900 பேர் என்பது அவர்கள் கண்ட முடிவு. அரசு முறைப்படி கணக்கிட்டால் அதே மாவட்டத்துக்கு 1,12,600 என்ற எண் வந்தது. காரணமும் விளங்கியது. ஏழைகளே பெரிதும் அரசு மருத்துவமனைகளை நாடினர். அதோடு, தொற்று இருப்பதாக அறியப்பட்டோரையும் ஐயத்துக்குரியோரையும் தனியார் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைக்கே அனுப்பிவந்தனர். கண்காணிப்பு மையங்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்தன.

மக்கள்தொகை ஆய்வோடு எச்.ஐ.வி. சோதனையை இணைப்பது அதற்குள் ஆப்பிரிக்காவில் தொடங்கியிருந்தது. 2001இல் மாலியும், 2001-02இல் சாம்பியாவும் அதைச் செய்திருந்தன. இந்தியாவில் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நடந்த மூன்றாம் சுற்று 1,09,041 குடும்பங்களைச் சந்தித்தது. அதில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களும் ஆண்களும் எச்.ஐ.வி. சோதனைக்கு இரத்தம் அளித்தனர். களப்பணியாளர் முதலில் நோக்கத்தை விளக்கி ஒப்புதல் கேட்பார். இசைந்தால் விரல் நுனியில் குத்தி, சில துளிகளை வடிதாளில் பொட்டாகப் பதித்து உலர்த்துவார். அத்தாள்மீது பெயர் இராது, பார்கோடு மட்டுமே இருக்கும். வீட்டை அடையாளம் காட்டும் வினாத்தாள் பக்கங்கள் அழிக்கப்பட்ட பின்னரே சோதனை முடிவுகள் ஏனைய தரவோடு இணைக்கப்பட்டன. மறுப்பதற்கும் உரிமை இருந்தது. பலர் மறுத்தனர், பெண்களைவிட ஆண்களே மிகுதியாக மறுத்தனர்.

15 முதல் 49 வயது வரையுள்ளோரில் 0.28 விழுக்காட்டினர் என்பது முடிவு. பெண்களில் 0.22, ஆண்களில் 0.36. மணிப்பூரில் 1.13, ஆந்திரத்தில் 0.97, தமிழ்நாட்டில் 0.34, உத்தரப் பிரதேசத்தில் 0.07. 2007 ஜூலை 6 அன்று, அந்நாள் சுகாதார அமைச்சர் அன்புமணி இராமதாஸ் புதிய தேசிய மதிப்பீட்டை வெளியிட்டார். எண்ணிக்கை ஏறத்தாழ 25 இலட்சமாகக் குறைந்தது. ஒரே நாளில் நாட்டின் தொற்றாளர் எண்ணிக்கை பாதியானது போலத் தோன்றினாலும், நோய் பாதியாகவில்லை. பார்க்கும் இடம் மருத்துவமனை வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு மாறியிருந்தது.

வீட்டு வாசலுக்கும் தன் எல்லை உண்டு. விடுதி, சிறை, நடைபாதை, பாலியல் தொழில் நடக்கும் இடங்கள், நெடுந்தொலைவு செல்லும் லாரி ஆகியவற்றில் வாழ்நாளைக் கழிப்போர் குடும்பப் பட்டியலில் சரிவர இடம்பெறுவதில்லை. தொற்று அபாயம் மிகுந்தோர் பலர் அவர்களுக்குள்ளேயே இருக்கின்றனர். ஆகவேதான் கண்காணிப்புத் தரவையும் சேர்த்து, 0.28 என்பதைத் தேசிய மதிப்பீட்டில் 0.36 ஆக உயர்த்த வேண்டியிருந்தது. தொற்று மிகுந்தவையாகக் கருதப்பட்ட ஆறு மாநிலங்களுள் நாகாலாந்தும் ஒன்று. அங்கே இரத்தம் எடுப்பதற்கு எதிர்ப்பு எழுந்ததால் சோதனையே நடைபெறவில்லை. அம்மாநிலத்தின் வெற்றிடம் தேசிய அட்டவணையில் அப்படியே விடப்பட்டது. புள்ளியியல் நோக்கில் இது இழப்பு. கேட்பது என்றால் மறுப்பை ஏற்பதும் என்று பொருள்கொண்டால், கேள்வி உண்மையாகவே கேட்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

இவ்வரலாற்றின் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. பெயரறியா முறையைத் தேர்ந்ததனால், இரத்தம் கொடுத்தவரிடம் அவருடைய முடிவைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. எய்ட்ஸ் பற்றிய தகவலேடும், இலவச ஆலோசனைப் பரிசோதனை மையங்கள் பற்றிய விவரமும் அளிக்கப்பட்டன. ஆனால் 2004 ஏப்ரல் முதலே அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. ஆய்வகத்தில் தொற்று உறுதியான ஒருவர், அதை அறியாமலே தம் வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார். மேலும், அதே ஆய்வின்படி எய்ட்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருந்த பெண்கள் 61 விழுக்காட்டினர் மட்டுமே. கேள்விப்படாத நோய்க்கான சோதனைக்கு ஒருவர் தரும் இசைவை எந்த அளவுக்கு ஒப்புதல் என்று கொள்வது? எனினும் பெயரைப் பதிந்து முடிவைத் தெரிவிக்கும் ஆய்வாக இருந்திருந்தால், கோவாவின் நினைவு மறையாத அக்காலத்தில் எத்தனை கதவுகள் திறந்திருக்கும் என்பதும் நேர்மையான எதிர்க்கேள்வியே. இரண்டில் ஒன்றைத்தான் தேர முடிந்தது. தேர்ந்ததற்கான விலையைச் செலுத்தியவர்கள் இரத்தம் கொடுத்தவர்கள்.

பின்னர் வந்த சட்டமும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், விளக்கி உரைத்துப் பெற்ற ஒப்புதல் இன்றிச் சோதனை கூடாது என்கிறது. பெயரறியா நோய்க் கண்காணிப்புக்கு விலக்கும் அளிக்கிறது. ஆனால் அத்தகைய ஆய்வுக்கு உட்படுவோருக்கு அதன் நோக்கம் தெரிவிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கிறது. 1986இல் காப்பகத்துப் பெண்களுக்குக் கிட்டாத அந்த ஒரு வாக்கியம் சட்டத்தில் இடம்பெற முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று.

பொதுச் சுகாதாரத் தரவுகளை ஒன்றோடொன்று இணைப்பது இன்று மிக எளிதாகிவிட்டது. எந்த அடையாளத்தை நீக்கினால் எத்தனை பகுப்பாய்வுகள் தடைப்படும் என்பதை நம் துறையினர் விரைவில் கணக்கிட்டுவிடுவர். எந்த அடையாளத்தைச் சேர்த்தால் எத்தனை பேர் அடுத்த முறை விரலை நீட்ட மறுப்பர் என்பதையும் அதே அக்கறையுடன் கணக்கிட வேண்டும். 52 இலட்சத்தை 25 இலட்சமாகத் திருத்த வழிசெய்தவர்கள், தம் முடிவை அறியாமலே இரத்தம் அளித்த அந்த ஒரு இலட்சம் பேர். தரவைக் கையாளும் நாம் அவர்களுக்குத் திருப்பித் தரக்கூடியது, அன்று களப்பணியாளர் வாசலில் நின்று சொன்ன வாக்கைக் காப்பது ஒன்றே.